மத்தியான வெயிலில் நனைந்த தெரு

திரையில் எங்கள் தெரு வந்தது.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜின் மாடி ஹாலில், கிராமங்களில் கள ஆய்வு முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். ஜன்னலுக்கு வெளியே பழனி, வத்தலக்குண்டு என்று கண்டக்டர்கள் கூவிக்கொண்டிருந்தார்கள். கீழே கடையில் பிரியாணி தம் உடைத்துவிட்டார்கள் என்று வாசனையே சொன்னது. மாணவர்கள் எல்லோரும் எப்போது முடியும் என்று நெளிந்துகொண்டிருந்தோம். என் வகுப்புத் தோழி ஹரிணி புரொஜெக்டர் வெளிச்சத்தில் நின்று படங்களை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருந்தாள்.

தெருவை நான் அடையாளம் கண்டது பாண்டியம்மா அத்தை வீட்டு வாசலில் கிடக்கும் உடைந்த ஆட்டுக்கல்லை வைத்துத்தான். அப்புறம்தான் மற்றது கண்ணில் பட்டது. தெரு நனைந்திருந்தது. செம்மண் கறுத்துக் கிடந்தது. வாசலுக்கு வாசல் கோலம். வேப்பமரத்து நிழல் மரத்தடியிலேயே சுருண்டு கிடந்ததால் அது உச்சி வெயில் நேரம் என்று தெரிந்தது. கோடையில், உச்சி வெயிலில், எங்கள் தெருவில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தண்ணீர் தெளித்திருந்தார்கள்.

"சூப்பரா இருக்குல்ல," என்று பக்கத்தில் இருந்தவள் சொன்னாள்.

"இந்த ஊர்ல குடிநீர்ப் பிரச்சினை பெருசா இல்ல மேடம்," என்றாள் ஹரிணி. "மூணு நாள் தங்கியிருந்தோம். தண்ணி தாராளமா இருக்கு. அதனால அந்தத் தலைப்புல குறைஞ்ச மார்க்தான் போட்டிருக்கோம்."

அடுத்த படத்தில் எங்கள் வீட்டுக் கொல்லை. நீல நிற டிரம் விளிம்பு வரை நிறைந்திருந்தது. அதன் பக்கத்தில் ஈரத் தலையோடு ஹரிணி சிரித்துக்கொண்டு நின்றாள்.

எங்கள் டிரம் விளிம்பு வரை நிறைந்து நான் பார்த்ததே இல்லை.

ஒரு கடிதத்துக்குப் பதில்

மேலே போவதற்கு முன் ஒரு வாசகிக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். 'இந்தத் தொடரை வாராவாரம் படிக்கிறேன். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான் என்று பெருமையாக எழுதுகிறீர்கள். நல்லது. ஆனால் ஏன் எப்போதும் கோபமாகவே எழுதுகிறீர்கள்?' என்று கேட்டிருந்தார்.

அம்மா, எனக்குக் கோபம் வருகிறது, அதனால் கோபமாக எழுதுகிறேன். படிக்காமல் இருந்திருந்தாலும் வந்திருக்கும். படித்ததால் யார்மேல் கோபப்பட வேண்டும் என்று கொஞ்சம் சரியாகத் தெரிகிறது. இந்த வாரம் அதுவும் சரியாகத் தெரியவில்லை. கடைசி வரை படியுங்கள்.

அந்தத் திட்டம்

நான் படித்தது இரண்டு மாவட்டம் தள்ளி இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தில். சமூகப்பணி முதுகலை. அங்கே ஒரு திட்டம் வந்தது. ஒரு கிராமத்தைத் தேர்ந்தெடுத்து அதோடு பல்கலைக்கழகம் சில வருடங்கள் சேர்ந்து வேலை செய்யும். பொறியியல் துறை வாய்க்கால், குளங்களை அளந்து கொடுக்கும். வேளாண் துறை மண்ணைப் பார்க்கும். எங்கள் துறை மக்களைக் கூட்டிப் பேசும். எந்த வேலை முதலில் என்று ஊர்தான் முடிவு செய்யும். வேலைக்கு ஆளும் ஊர்தான் தரும்.

இதைக் கேட்ட நாளிலேயே நான் எங்கள் ஊர் வாய்க்காலை நினைத்தேன்.

கன்னிவாடிக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். மலையில் மழை பெய்தால் ஓடை வழியாகத் தண்ணீர் வரும். ஓடையிலிருந்து எங்கள் குளத்துக்கு ஒரு வாய்க்கால் உண்டு. உண்டு என்றால், இருந்தது. நான் பிறந்த பிறகு அதில் தண்ணீர் ஓடி நான் பார்த்ததில்லை. பாதித் தூரம் சீமைக்கருவேலம், மீதித் தூரம் யார் யாரோ போட்ட வரப்பு. குளம் நிறையாததால் கிணறுகளில் ஊறுவது குறைந்தது. போர் போட்டால் உப்புத் தண்ணீர். பாத்திரம் கழுவலாம், குடிக்க முடியாது, கோடையில் அதுவும் வற்றிவிடும். குழாயில் நல்ல தண்ணீர் என்றைக்கு வரும் என்று பஞ்சாயத்துக்கும் தெரியாது, குழாய் திறப்பவருக்கும் தெரியாது. அதனால் ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்துக் கிணற்றுக்கு எல்லோரும் குடத்தோடு போவோம். தோட்டக்காரர் நல்லவர். த்ரீ பேஸ் கரண்ட் வந்து அவர் மோட்டார் போட்டால் நமக்குத் தண்ணீர். கரண்ட் போனால் இல்லை.

பரிசீலனைக்கு எடுத்த ஊர்களில் எங்கள் ஊரும் இருந்தது. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு மாணவர் குழு போய் மூன்று நாள் தங்கிப் பார்த்துவர வேண்டும். ஆனால் யாரும் சொந்த ஊருக்குப் போகக் கூடாது. "சொந்த ஊர்னா ஒரு பக்கமாப் பேசுவீங்க," என்றார் எங்கள் பேராசிரியர் சுகந்தி மேடம்.

அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. என்னைப் பழனிப் பக்கம் பாலசமுத்திரத்துக்கு அருகே ஒரு ஊருக்கு அனுப்பினார்கள். போய் இறங்கியதுமே ஒரு அக்கா, "ஏனுங்க கண்ணு, வெயில்ல வந்திருக்கீங்க, மொதல்ல மோர் குடிங்க," என்று சொம்பை நீட்டினார். நான் மோரைக் குடித்துவிட்டு நேராகக் கொல்லைக்குப் போய் டிரம்மை எட்டிப் பார்த்தேன். அடியில் ஒரு சாண் இருந்தது.

"தண்ணி எப்பக்கா வரும்?" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரித்தார். "நீங்க கெட்டிக்காரப் புள்ளைங்க. வந்தவங்க யாரும் கொல்லைக்கு வந்ததில்லைங்க."

கெட்டிக்காரத்தனம் ஒன்றும் இல்லை. அந்த மாதிரி ஒரு டிரம்மை நம்பி வளர்ந்தவள் நான். எங்கள் ஊருக்குப் போனவர்கள் யாரும் அப்படி வளர்ந்தவர்கள் இல்லை.

தாமதமாக வரும் பிள்ளை

பள்ளிக்கூடத்தில் என்னைப் பற்றி டீச்சர்களுக்கு ஒரே ஒரு புகார்தான். தாமதமாக வருகிறாள். வெளியே நிற்க வைப்பார்கள். கொடிக்கம்பத்துப் பக்கம் முட்டி போட வைப்பார்கள். ஒரு டீச்சர், "ஒனக்கெல்லாம் எதுக்குடி படிப்பு, தூங்குறதுக்கே நேரம் பத்தல," என்றார்.

நான் தாமதமாகப் போன நாளெல்லாம் தண்ணீர் வந்த நாள். என் சட்டையின் ஒரு பக்கம், குடம் வைத்த இடுப்பில், நனைந்தே இருக்கும். அந்த ஈரத்தோடுதான் அவர்கள் முன்னால் நிற்பேன். பார்த்தார்கள். ஏன் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

பத்தாவது வந்ததும் அம்மா என் குடத்தைப் பிடுங்கிக்கொண்டார். "நீ போய்ப் படி. ஒன் நடைய நான் நடக்கேன்." பரீட்சை முடியும் வரை அவர் தன் இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்று என்று என் பங்கையும் சேர்த்து எடுத்தார். பன்னிரண்டாவதிலும் அப்படியே. நான் வாங்கிய பட்டம் அம்மாவின் கழுத்து எலும்பில் ஏறி வந்தது என்று நான் சொன்னால் அது அலங்காரத்துக்காகச் சொல்வது இல்லை. இன்றும் அவரால் இடது பக்கம் முழுசாகத் திரும்பிப் பார்க்க முடியாது.

"அந்த ஆன்ட்டி எங்க அம்மா"

ஹாலுக்கு வருகிறேன். நான் எழுந்து நின்றேன்.

"எத்தனை தடவ குளிச்ச?" என்று ஹரிணியைக் கேட்டேன்.

"என்ன?"

"அந்த ஊர்ல இருந்தப்ப. ஒரு நாளைக்கு எத்தனை தடவ குளிச்ச?"

பின்வரிசையில் சிரித்தார்கள். ஹரிணிக்கு முகம் சிவந்தது. "காலைல, சாயங்காலம். வெயில் அப்படி. அந்த ஆன்ட்டிதான் குளிம்மா குளிம்மான்னாங்க. வெந்நீர்கூடப் போட்டுக் கொடுத்தாங்க."

"அந்த ஆன்ட்டி எங்க அம்மா."

சிரிப்பு நின்றது.

"நீ குளிச்சது எங்க வீட்டுத் தண்ணி மட்டும் இல்ல. அந்த டிரம்முல அம்புட்டுத் தண்ணி எங்க வீட்டுல ஏது? தெரு பூராவும் குடம் குடமா ஊத்தி ரொப்பியிருக்காக."

கோபம் வந்தால் எனக்கு ஊர்ப் பேச்சு வந்துவிடும். விடுதியில் சேர்ந்த புதிதில் அதற்காக வெட்கப்பட்டேன். அன்றைக்கு வெட்கம் வரவில்லை.

சுகந்தி மேடம் கையைக் காட்டினார். "உட்காரும்மா. இதுக்குத்தான் சொந்த ஊருக்கு யாரையும் அனுப்பல. பாரு, எவ்வளவு உணர்ச்சிவசப்படுறே."

"தண்ணி இல்லங்கிறது உணர்ச்சி இல்ல மேடம்."

"வீடு வீடாக் கேட்டிருக்காங்க. எல்லா வீட்லயும் தண்ணி இருக்குன்னுதான் சொல்லியிருக்காங்க. ஒருத்தர்கூட இல்லன்னு சொல்லல. மக்கள் சொல்றதக் கேளுங்கன்னு தினமும் கிளாஸ்ல சொல்றேன். இப்ப அவங்க சொல்றத விட்டுட்டு நீ சொல்றத எழுதணுமா?"

மேடம் கெட்டவர் இல்லை. அதையும் எழுதத்தான் வேண்டும். அவர் கேட்டதில் ஒரு நேர்மை இருந்தது. அதனால்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

"வாசல்ல சேர் போட்டு உக்காந்து, அவுக குடுத்த டம்ளரக் கையில வச்சுக்கிட்டு, தண்ணி இருக்கான்னு கேட்டா, இருக்குன்னுதான் சொல்லுவாக மேடம். வந்தவுககிட்ட இல்லன்னு சொல்ல எங்க ஊர்ல யாருக்கும் வராது. சொல்லாம ஒரு தடவ போய்ப் பாருங்க."

"திங்கக்கிழமை கமிட்டி. அதுக்குள்ள ஜீப் கிடைக்காது."

"பஸ் இருக்கு மேடம்."

மேடம் என்னையே பார்த்தார். பிறகு லேப்டாப்பை மூடினார். "எல்லாரும் சாப்பிடப் போங்க," என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை. நான் சாப்பிடப் போகவில்லை. பையை எடுத்துக்கொண்டு கன்னிவாடி பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு ஒரு குடம்

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அம்மா சின்ன வெங்காயத்தின் காய்ந்த தாளை அறுத்துக்கொண்டிருந்தார். மூட்டைக் கணக்கில் கூலி. கொல்லைக்குப் போய்ப் பார்த்தேன். குடங்கள் எல்லாம் கவிழ்ந்து கிடந்தன. நீல டிரம்மில் குனிந்து பார்த்தால் என் முகம் தெரியவில்லை, அடிதான் தெரிந்தது.

"என்னடி திடீர்னு? சாப்டியா?"

"தெருவுக்கு எதுக்கும்மா தண்ணி தெளிச்ச?"

"யாரு சொன்னா?"

"படத்துல பாத்தேன்."

அம்மாவின் முகம் மலர்ந்தது. அரிவாள்மனையிலிருந்து காலை எடுத்துவிட்டு நிமிர்ந்தார். "படத்துல வந்துச்சா? பெரிய படமாவா? நல்லா இருந்துச்சா?"

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு கோபப்படுவது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஆனாலும் பட்டேன்.

"எங்கருந்தும்மா தண்ணி?"

"வீட்டுக்கு ஒரு கொடம் எடுத்தோம். ஒரு வீடு இல்லைங்கல. எடுத்து நம்ம டிரம்முல ஊத்திக்கிட்டோம்."

கோயில் காரியத்துக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று வரி எடுப்பதுபோல் தண்ணீர் எடுத்திருக்கிறார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறார்கள் என்று பஞ்சாயத்தில் சொன்னதும் அம்மா தெருவில் ஒவ்வொரு வாசலாகப் போயிருக்கிறார். "என் மக படிக்கிற எடத்துல இருந்து வாராக." அது போதுமாக இருந்திருக்கிறது. திருவிழாவுக்குக் காப்பு கட்டின ஊர்போல எல்லோரும் தண்ணீரைச் சிக்கனம் பிடித்துச் சேர்த்திருக்கிறார்கள். வந்தவர்கள் கை கழுவ, கால் கழுவ, தலைக்கு ஊற்ற, குடிக்க. புழுதி பறந்தால் அவர்கள் சட்டையில் படியும் என்று மத்தியானம் தெருவுக்குக்கூட.

"அவுக நம்ம ஊர்ல தண்ணி இருக்கா இல்லையான்னு பாக்க வந்தாகம்மா."

"தெரியும்டி. அதுக்காக? ஒங்கூடப் படிக்கிற புள்ளைக வீட்டுக்கு வந்திருக்கையில வெறுங்கொடத்தத் தூக்கிக் காட்டவா? ஒன் ஆத்தான்னு நான் சொல்லிக்கிறல. நாளைக்குத் தெரிஞ்சு ஒன்னப் பாக்குறப்ப, இவ தண்ணிக்கு நாயா அலையுற ஊருக்காரின்னு நெனைக்கணுமா?"

"நெனைக்கட்டும். அலையுறோம்ல?"

"அலையுறது நமக்குத் தெரிஞ்சாப் போதும்."

"அவுகளுக்குத் தெரிஞ்சாத்தாம்மா வாய்க்கால் வரும்."

அம்மா என்னைச் சின்னப் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "சம்பந்தம் பண்ண வாரவுககிட்ட யாராச்சும் வீட்டுல அடுப்பு எரியலன்னு சொல்லுவாகளா? ஊரு நல்ல ஊருன்னு தோணுனாத்தானே கூடச் சேரணும்னு நெனப்பாக? அதுக்குத்தானே இம்புட்டும் செஞ்சோம்."

என் வகுப்பில் சேர்ந்து செயல்படுதல் என்றால் என்ன என்று ஒரு பாடமே உண்டு. ஊரும் பல்கலைக்கழகமும் சமமான இரண்டு பக்கங்கள் என்று அதில் எழுதியிருக்கும். எங்கள் ஊர் அதைத் தனக்குத் தெரிந்த மாதிரிப் புரிந்துகொண்டிருக்கிறது. பெண் பார்க்க வருகிறார்கள், பெண் நாங்கள்.

எங்கள் குரல் கேட்டுப் பாண்டியம்மா அத்தை வந்து நிலைப்படியில் சாய்ந்தார். அத்தைக்கு எந்தச் சண்டையும் தான் இல்லாமல் நடக்கக் கூடாது.

"என்னடி, ஆத்தாளும் மகளும் பஸ் ஸ்டாப் வரைக்கும் கேக்குது?"

"நீயே சொல்லு மதினி," என்றார் அம்மா. "வந்தவுகளுக்குத் தண்ணி குடுத்தது தப்பாம்."

"தப்புத்தான். நான் அன்னைக்கே சொன்னேன். அந்தச் செவத்தப் புள்ள வேளைக்கு வேள தலைக்கு ஊத்துது. நான் மூணு நாளா மொகத்தத் துணியால தொடச்சுக்கிட்டு அலைஞ்சேன். எம் புருசன் கேக்குறாரு, என்னடி ஒன் மூஞ்சி உப்புப் பூத்துக் கெடக்குன்னு."

"அப்ப அன்னைக்கே அவுககிட்டச் சொல்லியிருக்கலாம்ல அத்தை?" என்றேன்.

"நான் எதுக்குச் சொல்லணும்? கேட்டாக, இருக்குன்னேன். ஒங்க அம்மா மொகத்துக்காகச் சொன்னேன். வாய்க்கால் வெட்டித் தருவாகன்னாளே, அதுக்காகவும் சொன்னேன்."

"வாய்க்கால் நமக்கு இல்ல அத்தை. தண்ணி தாராளமா இருக்குற ஊருக்கு எதுக்கு வாய்க்கால்னு திங்கக்கிழமை முடிவு பண்ணப் போறாக."

அத்தை அம்மாவைப் பார்த்தார். அம்மா வெங்காயத்தைப் பார்த்தார்.

"நாம ஊத்துன தண்ணியாலயா?" என்றார் அம்மா.

நான் குனிந்து சிதறிக் கிடந்த வெங்காயத்தை அள்ளிக் குவித்தேன்.

அம்மா அரிவாள்மனையை ஓரமாகத் தள்ளிவிட்டு எழுந்தார். சோறு போட்டார். வெஞ்சனமாக, சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள, முட்டை பொரித்திருந்தார். நான் வந்திருக்கிறேன் என்பதற்காக அதைப் பண்ணினார் என்று தெரிந்தது, அதுவும் எனக்குக் கோபத்தைத்தான் கிளப்பியது. எங்கள் ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் இப்படியே இல்லாததையெல்லாம் இருக்கிறது என்று காட்டிக் காட்டியே செத்துப்போவார்கள் என்று தோன்றியது.

சொம்பு

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். புது ஆள் வீட்டுக்கு வந்தால் பேச்சு அப்புறம், சொம்பு முதல். வாசலிலேயே கால் கழுவத் தண்ணீர். உள்ளே வந்ததும் குடிக்கத் தண்ணீர். சொம்பு தளும்ப வேண்டும். குறைய இருந்தால் அது வீட்டின் குறை. ஆனால் பிறந்த வீட்டுக்கு வரும் மகளுக்கோ, பக்கத்து வீட்டு அத்தைக்கோ யாரும் சொம்பு நீட்டுவதில்லை. அவர்கள் நேராக அடுப்படிக்குப் போய் மோந்து குடிப்பார்கள். பானை காலியாக இருந்தால், "என்னடி, தொட்டு நனைக்கக்கூட இல்ல," என்று அவர்களே திட்டிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள்.

யாருக்குச் சொம்பு நீட்டுகிறதோ அவரிடம் ஊர் உண்மையைச் சொல்லாது. இது கணக்கெடுக்க வரும் யாருக்கும் தெரிவதில்லை. நல்ல கவனிப்பு என்று மகிழ்ந்து எழுதிவிட்டுப் போகிறார்கள். எத்தனை ஊர்களைப் பற்றி இப்படித் தளும்பும் சொம்பைப் பார்த்துவிட்டு எழுதியிருப்பார்கள்.

பஸ்ஸில் வந்தவர்கள்

முடிவு என்ன ஆயிற்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அதற்காக யாரும் கடைசி வரை காத்திருக்க வேண்டாம். கமிட்டி தள்ளிப்போடப்பட்டது. எல்லா ஊர்களுக்கும் குழுக்கள் மறுபடி போயின, இந்த முறை சொல்லாமல், பஸ்ஸில். கடைசியில் எங்கள் ஊர் சேர்ந்தது. வாய்க்காலில் முள் வெட்டும் வேலை இப்போது நடந்துகொண்டிருக்கிறது. பொறியியல் மாணவர்கள் கம்பு நட்டு மட்டம் பார்க்க, ஊர்க்காரர்கள் எங்கே மேடு எங்கே பள்ளம் என்று அவர்களோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். வரப்புப் போட்டவர்களில் இருவர் விட்டுக்கொடுத்துவிட்டார்கள், ஒருவர் இன்னும் இல்லை. தண்ணீர் வருமா என்பதை மழைதான் சொல்ல வேண்டும். எனக்கு நன்றி சொல்லி யாரும் கடிதம் எழுத வேண்டாம்.

நான் எழுத வந்தது கமிட்டிக்கு முந்தின நாள், அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி.

காலை பஸ்ஸில் இரண்டு பேர் இறங்கினார்கள். சுகந்தி மேடம், பின்னால் ஹரிணி. ஜீப் இல்லை, பஞ்சாயத்துக்குத் தகவல் இல்லை. மேடத்தின் சேலை முந்தானையில் பஸ் கம்பியின் துரு ஒட்டியிருந்தது. புழுதியில் நடந்து வந்து எங்கள் வாசலில் நின்றார்கள்.

"சொல்லாம வந்துட்டோம்," என்றார் மேடம். என்னிடம் இல்லை, அம்மாவிடம்.

அம்மாவின் கை தானாகச் சொம்புக்குப் போனது. சொம்பை எடுத்தும் விட்டார். பானையில் அடியில் கொஞ்சம் கிடந்தது, அப்பா வேலை முடிந்து வந்தால் குடிக்க. அதை வழித்து எடுத்தால் ஒரு சொம்பு தேறும். அம்மா பானையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அம்மா சொம்பைக் கீழே வைத்தார்.

அது எவ்வளவு பெரிய காரியம் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் கல்லூரி அட்மிஷனுக்காக வட்டிக்கடைப் படியில் உட்கார்ந்தபோதுகூட அவர் முகம் அவ்வளவு கறுத்ததில்லை.

"நல்ல நேரத்துல வந்தீக," என்றார். "இப்பத்தான் த்ரீ பேஸ் வந்திருக்கு. தோட்டத்துல மோட்டார் போட்டிருக்காக. தண்ணிக்குத்தான் கெளம்புறேன். வாரீகளா, பேசிக்கிட்டே போவோம்."

சொல்லிவிட்டுக் கொல்லைக்குப் போனார். குடங்கள் உருளும் சத்தம் கேட்டது. பழைய பிளாஸ்டிக் குடங்கள் எல்லாம் விரிசல் விட்டு, சூடு காட்டி ஒட்டியவை. பரணில் பழைய சேலையில் சுற்றி ஒரு புதுக் குடம் இருந்தது, ரோஸ் நிறம். அதை இறக்கி, முந்தானையால் துடைத்து, மேடத்தின் கையில் கொடுத்தார்.

"மத்ததெல்லாம் ஒழுகும். இதப் பிடிங்க."

வெறும் குடத்தைக் கொடுக்கும்போதும் வீட்டில் இருப்பதிலேயே நல்லதைத்தான் கொடுத்தார். அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் வந்த அழுகை என்றே இன்னமும் நினைக்கிறேன்.

ஹரிணி ஒரு சின்னக் குடத்தைத் தானே எடுத்துக்கொண்டாள். "சாரி ஆன்ட்டி," என்றாள்.

"எதுக்குத்தா? குளிக்கச் சொன்னது நானு."

ஓடை மணலைத் தாண்டி நடந்தோம். செருப்புக்குள் மணல் ஏறி மேடம் இரண்டு தடவை நின்று உதறினார். அம்மா, மழைக் காலத்தில் ஓடையில் கொஞ்சம் ஓடினால் இந்தப் பக்கமாக வர முடியாது, சுற்றித்தான் வர வேண்டும், அப்போது ஒரு நடைக்கு அரை நாள் போய்விடும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். மூன்று நாள் தங்கியவர்களிடம் சொல்லாததையெல்லாம் அந்த ஒரு நடையில் சொன்னார். கையில் குடம் வைத்திருக்கும் ஆளிடம் பேசுவது அவருக்குச் சுலபமாக இருந்தது.

தோட்டத்தில் வரிசை நீண்டிருந்தது. பாண்டியம்மா அத்தைதான் முன்னால் நின்று வரிசையைப் பார்த்துக்கொள்வார், அது யாரும் கொடுக்காத உத்தியோகம். மேடம் நேராக மோட்டார் தண்ணீர் விழும் தொட்டிக்குப் போனார். தப்பாக நினைத்துச் செய்யவில்லை. எங்கே போனாலும் ஜனம் விலகி வழிவிட்டுப் பழகியவர். குடத்தைக் குழாயடியில் வைக்கக் குனிந்தார்.

"ஏத்தா, யாரது?" என்றார் அத்தை. "வரிசை நிக்குறது கண்ணுக்குத் தெரியலியா? பின்னால போ."

பக்கத்தில் நின்ற பெண் அத்தையின் முழங்கையை இடித்தாள். "யக்கா, காலேஜு டீச்சரு."

"எனக்குத் தெரியாதா? இருக்கட்டும். கையில கொடம் இருக்குல்ல? கொடம் கொண்டாந்தா வரிசைதான்."

மேடம் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். அவர் அனுப்பிய பிள்ளைகளுக்காகத் தெருவையே நனைத்தவர் அம்மா. ஒரு வார்த்தை சொன்னால் வரிசை விலகிவிடும், அம்மாவுக்காக அத்தையும் விலகுவார். அம்மா மோட்டார் ரூமைப் பார்த்துக்கொண்டு நின்றார். இடது பக்கம் திரும்ப முடியாத கழுத்து என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் மேடம் நின்றது வலது பக்கம்.

மேடம் குடத்தைத் தூக்கிக்கொண்டு கடைசிக்குப் போனார். ஹரிணி அவருக்குப் பின்னால் நின்றாள். வெயில் ஏறியது. குடம் மாற்றிக் குடம் நகர்ந்தது. நடுவில் ஒரு சண்டை வந்து ஓய்ந்தது. மேடம் முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டார். மேடத்துக்கு முன்னால் நாலைந்து குடம் இருக்கும்போது மோட்டார் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. குழாயில் ஒரு நூல் மாதிரி ஒழுகி, அதுவும் அறுந்தது.

வரிசையில் நின்றவர்கள் பழகியவர்கள். காலிக் குடங்களை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரும்பினார்கள். மேடம் மட்டும் ரோஸ் குடத்தோடு அங்கேயே நின்றார்.

"இப்ப என்ன பண்றது?" என்று கேட்டார்.

"நாளைக்கு வா," என்றார் பாண்டியம்மா அத்தை.

திரும்பி வரும்போது எங்கள் தெரு வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது. காற்றில் புழுதி எழும்பி மேடத்தின் சேலையில் படிந்தது. அவர் அதைத் தட்டிவிடவில்லை. இரண்டு கையாலும் வெறும் குடத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.